ஷர்ஃப்ளோ ட்ரெயில் கிங் 7: கேரவன் தண்ணீர் பம்ப் எப்படி, மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வண்டிக்குள்ளேயே தண்ணீர் டேங்க் வைத்த சின்ன, நடுத்தரக் கேரவன்களுக்கும் கேம்பர்வேன்களுக்கும் போதுமான பம்ப். சத்தம் கொஞ்சம் அதிகம், அழுத்தம் கொஞ்சம் குறைவு. ஆனால் கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்கலாம், பாதி சமயம் முகாமிலேயே சரிசெய்துவிடலாம். கேரவன் பம்பில் இதைவிடப் பெரிய நல்ல குணம் கிடையாது.

விவரம் இதுதான். 12 வோல்ட் டயாபிரம் பம்ப், அதாவது உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை. நிமிடத்துக்கு 7 லிட்டர். 20 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 1.4 பார் அழுத்தம் வந்ததும் பம்பின் தலையில் இருக்கும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கினால் தானே ஓடும். உள்ளேயே ஒருவழி வால்வு உண்டு, ஆகையால் தள்ளிய தண்ணீர் டேங்குக்குத் திரும்பாது. தானே உறிஞ்சி எடுக்கும். ஊர்க் கிணற்று ஜெட் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி உயிர்கொடுப்பதுபோல இதற்குச் செய்யவேண்டாம். சிறிது நேரம் வறண்டு ஓடினாலும் செத்துப்போகாது. மோட்டார் சூடேறினால் தானே நின்று, ஆறியதும் மறுபடி ஓடும்.

7 லிட்டர் என்பது எதிர்அழுத்தம் எதுவும் இல்லாதபோது கிடைக்கும் கணக்கு. 12 மி.மீ. பைப், நாலைந்து முழங்கை வளைவு இணைப்பு, ஹீட்டர், குழாய் எல்லாம் தாண்டி வரும்போது 4 முதல் 5 லிட்டர் வந்தால் நல்ல நிலை. அளப்பது எளிது: ஒரு லிட்டர் குடுவையைக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். 12 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 5 லிட்டர், 15 விநாடி என்றால் 4. 20 விநாடியைத் தாண்டினால் எங்கோ அடைப்பு, அல்லது மின்னழுத்தம் போதவில்லை. கேரவன் புதிதாக இருக்கும்போதே குளிர்நீர், வெந்நீர் இரண்டுக்கும் இந்த அளவை எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சந்தேகங்களில் பாதியை அந்த இரண்டு எண்களே தீர்த்துவிடும்.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

இந்தப் புகார் வந்ததும் புதுப் பம்ப் ஆர்டர் செய்கிறவர்கள் நிறைய. பெரும்பாலும் பம்பில் குறை இருக்காது. உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. தள்ளும் பக்கத்தில் லீக் இருந்தால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் லீக் இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இது ஏமாற்றும்.

முதல் சந்தேகம் பம்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கிண்ணத்தின் மேல். உள்ளே சல்லடை வைத்த அந்தச் சின்னக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கிண்ணம் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்கவேண்டும். வாங்காமல் விடக் கூடாது. கிண்ணத்தைக் கழற்றிச் சல்லடையைக் கழுவி மறுபடி மூடும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளும், அல்லது ஒரு மணல்துகள் அதில் உட்கார்ந்துவிடும். துடைத்து, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். வாஸலின் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும். கிண்ணத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பனிக்காலத்துக்குப் பிறகு முதலில் வெடிப்பது அதுதான்.

ஃபில்டரில் குறை தெரியாவிட்டால் வாளி வைத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. பம்பின் உள்வாய் ஹோஸைக் கழற்றிவிட்டு, அரை மீட்டர் நீளத்தில் வேறொரு நல்ல ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைப் பம்பின் மட்டத்திலேயே வைத்த வாளித் தண்ணீரில் விடுங்கள். ஒரு குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து பம்பை ஓட்டுங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டால் பம்பில் குறையில்லை. டேங்க், பழைய ஹோஸ், கிளிப், ஃபில்டர் இந்த நான்கில் ஒன்றுதான். வராவிட்டால் ஹோஸைக் கழற்றி, உள்வாயில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் நன்றாக இழுபட வேண்டும். இழுவையே இல்லை என்றால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை.

வால்வு மூடாததற்கு வயதைவிட அழுக்கே அதிகக் காரணம். அதுவும் புதுக் கேரவனில். டேங்கில் துளைபோட்டு இணைப்புகள் பொருத்தும்போது விழும் பிளாஸ்டிக் சுருள் டேங்குக்குள்ளேயே கிடக்கும். முதல் சில பயணங்களில் அது நகர்ந்து வந்து, ஃபில்டர் இல்லாவிட்டால் நேராக வால்வில் மாட்டும். தலையைத் திறப்பதற்கு முன்னால், வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, வெளிவாய் ஹோஸையும் கழற்றி இன்னொரு வாளியில் விட்டு, தடையே இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் துகள் அதோடு வெளியே போய்விடும். போகாவிட்டால் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, தலையில் உள்ள திருகுகளை எடுத்துத் திறக்கலாம். ஒவ்வொரு அடுக்கையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடும்போது எதிரெதிர்த் திருகுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் டயாபிரம் கோணலாக உட்கார்ந்து, அதற்குப் பிறகு நிஜமாகவே பம்ப் கெட்டுவிடும்.

டேங்கின் காற்றுத்துளையையும் மறக்க வேண்டாம். தொடக்கத்தில் தண்ணீர் நன்றாக வந்து, ஓரிரு நிமிடத்தில் மெலிந்து, பம்ப் திணறுகிறதா? தண்ணீர் நிரப்பும் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே சரியானால் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. சிலந்திக்கூடு போதும்.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தெரிவது ஒன்றுண்டு. தண்ணீரை வடித்து வைத்திருந்த கேரவனில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால், 10 லிட்டர் ஹீட்டர் முதலில் நிரம்பவேண்டும். நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் என்ற வேகத்தில் இரண்டு, இரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை குழாயில் காற்றும் இருமலும்தான். பொறுமையாக இருந்தால் போதும்.

பம்ப் ஓடவே இல்லை

மல்டிமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். அளக்கும்போது குழாய் திறந்திருக்கவேண்டும், கேரவனின் கட்டுப்பாட்டுப் பேனலில் பம்ப் சுவிட்ச் போட்டிருக்கவேண்டும். மின்சாரம் இழுபடாத நிலையில் அளந்தால், பச்சைபிடித்து அரித்துப்போன இணைப்பு வழியாகவும் 12.6 வோல்ட் அழகாகக் காட்டும். இழுவை வந்ததும் அதே இணைப்பில் 5 வோல்ட்கூட நிற்காது.

பம்பின் வயர் முனைகளில் 12 வோல்ட் வருகிறது, மோட்டார் அசையவில்லை என்றால், பிரஷர் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் கணநேரம் இணைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றலாம். அப்போதும் ஓடாவிட்டால் மோட்டார். வயர் முனையிலேயே மின்சாரம் இல்லை என்றால் ஃபியூஸ், பேனல் சுவிட்ச், நடுவில் உள்ள இணைப்பான் என்று பேட்டரியை நோக்கிப் பின்னால் போகவேண்டும். ஃபியூஸின் அளவு பம்பின் மேலுள்ள லேபிளில் இருக்கும். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவது பம்பை அல்ல, வயரை எரிக்கும் வழி.

ஓடுகிறது ஆனால் சோம்பலாக ஓடுகிறது என்றால், பம்ப் ஓடும்போதே பேட்டரி முனையில் ஒரு அளவு, பம்ப் முனையில் ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரைப் பார்க்கவேண்டும். போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், 4 ஆம்பியர் இழுவை என்றால் வயரில் மட்டுமே ஏறக்குறைய 0.48 வோல்ட் போகும். 2.5 சதுர மி.மீ. போட்டால் அது 0.3 ஆகக் குறையும். புதிதாகப் பொருத்துகிறவர்கள் 2.5-ஐயே போட்டுவிடுவது நல்லது, விலை வித்தியாசம் அற்பம். முகாமின் மின் இணைப்புக் கம்பத்தில் கேரவனின் வயரைச் செருகியிருக்கும்போது நன்றாக ஓடி, செருகாதபோது மட்டும் மக்கர் செய்தால் பம்பைத் தொடவே வேண்டாம். பேட்டரி கிழமாகிவிட்டது.

நிற்காமல் ஓடுவதும் விட்டுவிட்டு ஓடுவதும்

இந்தப் பம்பைப் பற்றி வரும் புகார்களில் நுணுக்கமானது இதுதான். மூன்று வேறு நோய்களுக்கு ஒரே சத்தம்.

எல்லாக் குழாயும் மூடியிருக்க, பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், 20 பி.எஸ்.ஐ.-ஐ எட்ட முடியவில்லை என்று பொருள். டேங்க் காலியா, பேட்டரி இறங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அடுத்து கேரவனின் அடியில் குனிந்து பாருங்கள். ட்ரூமா காம்பி (அறையையும் தண்ணீரையும் சூடாக்கும்) ஹீட்டர் இருந்தால் அதன் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் வால்வு சுமார் 3 டிகிரி செல்சியஸில் தானே திறந்து ஹீட்டரின் தண்ணீரை வெளியே விட்டுவிடும். அது தானாக மூடாது. வால்வு இருக்கும் இடம் 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகு கையால்தான் மூடவேண்டும், அதற்குக் கீழே மூடினாலும் நிற்காது. குளிர்காலக் காலையில் பம்ப் கத்திக்கொண்டே இருக்க, டேங்க் தண்ணீர் முழுதும் புல்லில் போவது இப்படித்தான்.

அதுவும் இல்லை என்றால், பம்பின் வெளிவாயை ஒரு மூடி வால்வு போட்டு அடைத்துப் பாருங்கள். பம்ப் நின்று, நின்றபடியே இருந்தால் பழுது வெளியே, பைப்பில். அடைத்தும் நிற்கவில்லை என்றால் பழுது பம்புக்குள், வால்விலோ டயாபிரத்திலோ சுவிட்சிலோ. நிரந்தரமாகவே அந்த இடத்தில் ஒரு 12 மி.மீ. மூடி வால்வைப் பொருத்தி வைத்தால் இந்தச் சோதனை பத்து விநாடி வேலை. செலவில்லாத அக்கறை இது. தயாரிப்பாளர்கள் ஏனோ வைப்பதில்லை.

இரண்டாவது வகை: குழாய் எல்லாம் மூடியிருக்க, சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டுர்ர்' என்று ஒரு நொடி ஓடி நிற்கும். சொட்டு லீக். இரவில்தான் கேட்கும், எரிச்சலும் அப்போதுதான். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். எங்கும் ஈரமில்லை என்றால் கழிப்பறைக்குப் போங்கள். கேரவன் டேங்கிலிருந்தே தண்ணீர் எடுக்கும் கேசட் டாய்லெட்டில் (கழிவுத்தொட்டியை வெளியே எடுத்துக் காலிசெய்யும் வகை) ஃப்ளஷ் வால்வு சரியாக மூடாவிட்டால் தண்ணீர் சத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் வழியும். கிண்ணத்தின் உட்பக்கத்தைத் துடைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் கோடு தெரியும்.

ஹீட்டர் சூடேறும்போது மட்டும் அடியில் சில துளிகள் விழுந்தால் பயப்பட வேண்டாம். 10 லிட்டர் தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 160 மில்லிலிட்டர் விரிகிறது. பம்பின் ஒருவழி வால்வு திரும்பிப் போக விடாது. எங்காவது போயாகவேண்டும், பாதுகாப்பு வால்வு வழியாகப் போகிறது.

மூன்றாவது: குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் பம்ப் படபடவென்று நின்று நின்று ஓடும். ஷவரில் சூடு, குளிர், சூடு என்று மாறிமாறி வரும். இது பழுது அல்ல, இந்த வகைப் பம்பின் இயல்பு. குழாய் கேட்பது 2 லிட்டர், பம்ப் தருவது அதைவிட அதிகம். அழுத்தம் நொடியில் ஏறி சுவிட்ச் வெட்டும், நொடியில் இறங்கி மறுபடி சேரும். தண்ணீர் மிச்சப்படுத்தும் ஷவர்த் தலையைப் போட்டால் இன்னும் மோசம். சுவிட்ச் சீக்கிரம் தேய்வதும் இதனால்தான்.

இதற்கு மருந்து அக்குமுலேட்டர்: உள்ளே ரப்பர்ப் பை வைத்த, அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன உருளை. பம்புக்கு அடுத்தபடியாக, தள்ளும் பக்கத்தில் மாட்டவேண்டும். மாட்டினால் மட்டும் போதாது, காற்றழுத்தம் சரியாக இருக்கவேண்டும். பம்பை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீர் அழுத்தம் முழுதும் இறங்கிய பிறகு, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். இந்த மாடலுக்கு 0.5 பாரில் தொடங்கிப் பார்க்கலாம். 1.4 பாருக்கு மேல் அடித்துவிட்டால் பைக்குள் தண்ணீரே போகாது, உருளை வெறும் அலங்காரம்.

பிரஷர் சுவிட்சில் இருக்கும் திருகை முதலிலேயே திருகுகிறவர்களைத் தடுக்க முடிந்தால் நல்லது. வலஞ்சுழியாகத் திருப்பினால் நிற்கும் அழுத்தம் ஏறும், இடஞ்சுழி இறக்கும். பேட்டரி, லீக், அக்குமுலேட்டர் மூன்றையும் பார்த்த பிறகு, தொடக்க நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருப்பிச் சோதியுங்கள். அதிகமாக ஏற்றினால் பம்ப் அந்த அழுத்தத்தை எட்ட முடியாமல் நிற்காமல் ஓடும். புது நோயை நாமே வாங்கிக்கொண்டதாகிவிடும்.

சத்தமும் பனியும்

சத்தம்தான் இதன் உண்மையான குறை. பம்பைவிடப் பலகையும் பைப்பும்தான் அதிகம் கத்தும். ரப்பர்க் கால்கள் நசுங்கும் அளவுக்குத் திருகை இறுக்கினால் ரப்பர் இருந்தும் இல்லாததுபோல. விறைப்பான 12 மி.மீ. பைப்பை நேராகப் பம்பில் செருகாமல் இரண்டு பக்கமும் அரை மீட்டர் வளையும் ஹோஸ் போட்டு, அது மரத்தில் உரசாமல் பார்த்துக்கொண்டால் சத்தம் கணிசமாகக் குறையும். மெல்லிய ஒட்டுப்பலகைச் சுவரில் மாட்டாதீர்கள், தரைதான் சரி.

பனிக்காலத்துக்கு வடிக்கும்போது வடிகால் வால்வுகளைத் திறப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பம்பின் தலைக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும், உறைந்து விரிந்து தலையைப் பிளக்கும். டேங்க் காலியான பிறகு எல்லாக் குழாய்களையும் வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் நடு நிலையில் திறந்து வைத்து, காற்று மட்டும் வரும்வரை பம்பை ஓட்டுங்கள். பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, அடியில் ஒரு துணி வைத்து மேலும் சில விநாடி ஓட்டுங்கள். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் காயவையுங்கள். ஷவர்த் தலையைக் கழற்றித் தொட்டிக்குள் தாழப் போட்டுவிடுங்கள்.

யாருக்கு ஒத்துவராது

கேரவனுக்கு வெளியே 40 லிட்டர் அக்வாரோல் என்ற, உருட்டிச் செல்லும் தண்ணீர் உருளையும் அதற்குள் மூழ்கும் பம்பும் வைத்திருப்பவர்கள் மாறவேண்டிய அவசியமில்லை. மூழ்கு பம்ப் விலை மிகக் குறைவு, சத்தம் வெளியே போய்விடும், கெட்டால் இன்னொன்றைச் செருகலாம். அதன் பலவீனம் காற்று பிடிப்பதும் வறண்டு ஓடினால் சாவதும்தான். காற்று பிடித்தால் தண்ணீருக்குள்ளேயே பம்பைத் தலைகீழாக்கி நாலு முறை குலுக்கினால் போய்விடும்.

மாறியே தீருவேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மூழ்கு பம்ப் உள்ள பல கேரவன்களில் குழாய்க்குள் மைக்ரோசுவிட்ச் இருக்கும். குழாய் திறந்தால் மட்டுமே பம்புக்கு மின்சாரம். அங்கே பைப்பில் எப்போதும் அழுத்தம் நிற்பதில்லை. ட்ரெயில் கிங் போட்டால் இரவும் பகலும் 1.4 பார் நிற்கும், கிளிப் இல்லாமல் செருகியிருந்த ஹோஸ்கள் ஒவ்வொன்றாகச் சொட்டத் தொடங்கும். முதலில் எல்லா இணைப்புக்கும் கிளிப், பிறகு பம்ப். மைக்ரோசுவிட்சைத் தாண்டி நேரடி மின்சாரம் தரவும் வேண்டும். வெளியே கிளம்பும்போது பேனலில் பம்ப் சுவிட்சை அணைப்பதும் இனிமேல் கட்டாயம். ஒரு ஹோஸ் கழன்றால் டேங்க் முழுவதும் தரையில்.

சமையல் குழாயும் ஷவரும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் ட்ரெயில் கிங் 10-ஐப் பாருங்கள்: 10 லிட்டர், 30 பி.எஸ்.ஐ., சுமார் 2.1 பார். அதற்கு மேலே போகாதீர்கள். அமெரிக்க வண்டிகளுக்கான ஷர்ஃப்ளோ 4008 நிமிடத்துக்கு 11 லிட்டருக்கு மேல், 55 பி.எஸ்.ஐ. தரும். அது 3.8 பார். ட்ரூமா ஹீட்டர்கள் தாங்கும் வரம்பு 2.8 பார். 'பெரிய பம்ப், நல்ல ஷவர்' என்று இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு 4008-ஐ ஐரோப்பியக் கேரவனில் போட்டால், பாதுகாப்பு வால்வு ஒழுகுவதில் தொடங்கி ஹீட்டர் டேங்க் வரை போகும். முகாமின் நேரடிக் குழாய்த் தண்ணீரை இணைப்பதற்கும் இதே வரம்புதான், அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாமல் இணைக்கக் கூடாது.

பம்போடு சேர்த்து வாங்கிவைக்க வேண்டியவை: ஃபில்டர் கிண்ணமும் அதற்கு ஒரு உபரி ஓ-ரிங்கும், சரியான அளவில் இரண்டு ஃபியூஸ், நாலு ஹோஸ் கிளிப், அரை மீட்டர் ஹோஸ். பிரஷர் சுவிட்ச் தனி உதிரிபாகமாகக் கிடைக்கிறது. நீண்ட பயணம் போகிறவர்கள் அதையும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.